பூட்டி வைப்பதா, ஊசியா, ஆபரேஷனா?

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைக்குள் நாலைந்து கடுவன் நாய்கள் ஒரே கேற்றின் முன்னால் படுத்துக் கிடந்தால், உள்ளே ஒரு பெட்டை நாய் ஹீட்டுக்கு, அதாவது இணை சேரும் பருவத்துக்கு, வந்திருக்கிறது என்று அர்த்தம். போன வருடம் அது எங்கள் கேற்.

குட்டி தங்காமல் தடுக்க அப்போது ஆளுக்கொரு வழி சொன்னார்கள். செலவில்லாதது பூட்டி வைப்பது. ஆனால் கிட்டத்தட்ட 3 கிழமை பூட்ட வேண்டும், அதோடு எந்த நாள் ஆபத்து என்றும் தெரிந்திருக்க வேண்டும்; நான் கோட்டை விட்டது அங்கேதான். இரத்தம் சொட்டுகிற முதல் 9 நாள் அளவில் கடுவன்கள் சுற்றிச் சுற்றி வரும், பெட்டை உறுமி விரட்டிவிடும். பிறகு கசிவு வெளிறி வைக்கோல் நிறத்துக்கு வந்ததும் அப்பாடா, முடிந்தது என்று கேற்றைத் திறந்துவிட்டோம். உண்மையில் அப்போதுதான் தொடங்குகிறது! வாலை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு நின்று கொடுக்கும் நாட்கள் அவை, இன்னுமொரு 9 நாள் போகும், சிலதுக்குக் கூடவும் போகும். நாய்க்குப் போடும் ஜட்டி தரையைக் காப்பாற்றும், நாயைக் காப்பாற்றாது. 2 மாதம் கழித்து எங்கள் வீட்டில் 5 குட்டிகள், ஒன்றுக்கொன்று நிறமே சேராது. ஒரே ஈற்றில் இரண்டு தகப்பன்மார் இருக்கலாமாம்.

ஊசி மலிவு, ஒரு நிமிட வேலை. எனக்கு அறவே பிடிக்கவில்லை. அது ஹோர்மோன், ஹீட்டைத் தள்ளிப்போடும், ஆனால் கர்ப்பப்பையில் சீழ் கட்டும் ஆபத்தைக் கூட்டும். சீழ் கட்டினால் உயிர் தப்புவதற்கே அவசர ஆபரேஷன் வேண்டும், மிச்சம்பிடித்த காசு பல மடங்காய்ப் போய்விடும்.

சூலகங்களையும் கர்ப்பப்பையையும் எடுத்துவிடும் கருத்தடை ஆபரேஷனுக்கு முதலில் செலவுதான், பிறகு 10, 14 நாள் காயத்தை நக்க விடாமல் பார்க்க வேண்டும். உடம்பு வைக்கும், சில பெரிய இனங்களுக்குத் தூக்கத்தில் சிறுநீர் கசியும். ஆனால் 6, 7 மாதத்துக்கு ஒருமுறை வரும் இந்தக் கூத்து அதோடு சரி, சீழ்ப் பயமும் இல்லை. ஹீட்டில் இருக்கும்போது மட்டும் அவசரப்படக்கூடாது, அந்த நேரம் இரத்த ஓட்டம் அதிகம்; 2, 3 மாதம் விட்டுச் செய்வதுதான் வழக்கம். அதுவரை பூட்டுத்தான்.

எங்களுடையதுக்குக் குட்டிகள் பால் மறந்த பிறகு செய்வித்தோம். இப்போது கடுவன்கள் இரண்டு வீடு தள்ளிப் படுத்துக் கிடக்கின்றன. அந்த வீட்டு அக்கா நேற்று ஊசி பற்றி விசாரித்தா; இரத்தம் கண்டது எத்தனையாம் திகதி என்றுதான் முதலில் கேட்டேன்.