முதுகலை அறுவை மருத்துவத்துக்கு விண்ணப்பிப்போர் கவனத்துக்கு: விலைக்கு வாங்கிய ஆய்வுக் கட்டுரை

பினாங்கில் அரசு மருத்துவமனை ஒன்றின் அறுவைப் பிரிவில் மருத்துவ அதிகாரியாகப் பணிபுரியும் நான், முதுகலை விண்ணப்பத்தைப் பலப்படுத்தித் தருவதாகச் சொன்ன ஒரு வழிகாட்டு நிறுவனத்திடம் 4,800 ரிங்கிட் கொடுத்து ஏமாந்தேன். அதில் பாதி, அம்மா சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம்.

மலாயாப் பல்கலைக்கழகம், யூகேஎம் (மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம்), யூஎஸ்எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) ஆகியவை நடத்தும் நான்காண்டுப் படிப்புக்கு எத்தனை பேர் மோதுகிறார்கள் என்பது இந்தத் துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும். மெட்எக்ஸ் என்ற முதுகலை நுழைவுத் தேர்வில் தேறி, பிரிட்டன், அயர்லாந்து அறுவை மருத்துவக் கல்லூரிகளின் உறுப்பினர் தேர்வான எம்ஆர்சிஎஸ்ஸின் முதற்பகுதியையும் கையில் வைத்திருப்பவர்களே போட்டிக்கு வருகிறார்கள். அந்த அச்சத்தைத்தான் லிட்டில் இந்தியாவுக்கு அருகே ஒரு கடைவீட்டு மாடியில் அலுவலகம் வைத்து அந்த நிறுவனத்தை நடத்திய அண்ணன் பிடித்துக்கொண்டார். "தம்பி, லாக் புக் எல்லாருகிட்டயும் இருக்கும். நம்ம பிள்ளைங்ககிட்ட பேப்பர் இல்ல, அதான் குறை. அத நான் பாத்துக்கிறேன்" என்றார். லாக் புக் என்பது நாங்கள் பங்கேற்ற அறுவைகளைக் குறித்துவைக்கும் ஏடு; பேப்பர் என்று அவர் சொன்னது ஆய்வுக் கட்டுரையை. 'நம்ம பிள்ளைங்க' என்ற சொல்லுக்குப் பிறகு நான் ரசீதுகூடக் கேட்கவில்லை. வங்கி வழியாகப் பணம் அனுப்பியது மட்டுமே பின்னாளில் எனக்கு மிஞ்சிய சான்று.

மூன்றே வாரத்தில் கட்டுரை வெளிவந்தது. கடுமையான குடல்வால் அழற்சியைக் கண்டறிவதில், அறிகுறிகளுக்கும் இரத்தப் பரிசோதனைக்கும் புள்ளியிட்டுக் கூட்டும் அல்வராடோ மதிப்பெண்ணின் பயனை மலேசியாவில் 112 நோயாளிகளிடம் ஆராய்ந்ததாகச் சொன்ன அக்கட்டுரையில், நான் ஒருபோதும் சந்தித்திராத ஐவருக்கு நடுவே என் பெயர் மூன்றாவதாக இருந்தது. அன்றிரவு ஆன்-கால் என்பதால் சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு விண்ணப்பத்தில் சேர்த்தேன். இது நிறுவனத்தின் குற்றமல்ல, என்னுடையது.

நேர்முகத் தேர்வில் மூத்த அறுவை மருத்துவர் ஒருவர் அந்தக் கட்டுரையை அச்செடுத்து மேசையில் வைத்திருந்தார். நோயாளிகளை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டார், மழுப்பினேன். சுகாதார அமைச்சின் மருத்துவமனைகளில் நடக்கும் ஆய்வு தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதியப்பட வேண்டும் என்பதால், பதிவெண்ணைக் கேட்டார். கட்டுரையில் அப்படி ஓர் எண்ணே இல்லை. பிறகு மூன்றாம் அட்டவணையில் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார். அதில் ஒரு நோயாளியின் மதிப்பெண் 11 என்று இருந்தது. அல்வராடோ 1986இல் வெளியிட்ட அந்த அளவுகோலின் உச்சம் 10 என்பதை ஹவுஸ்மேன் எனப்படும் பயிற்சி மருத்துவர் காலத்திலேயே நாங்கள் மனப்பாடம் செய்திருக்கிறோம். அதன்பின் அவர் என்னிடம் வேறு எதுவும் கேட்கவில்லை.

அதே நாளில் வந்திருந்த பட்டர்வொர்த் தோழி ஒருத்தியிடம் கட்டுரை எதுவும் இல்லை. தன் வார்டில் அறுவைக்கு முந்தைய ஆன்டிபயாட்டிக் எந்த நேரத்தில் போடப்படுகிறது என்று கணக்கெடுத்து, தாமதத்துக்கான காரணத்தைக் கண்டு, பட்டியலை மாற்றி, மறுபடியும் கணக்கெடுத்திருந்தாள். தேர்வாளர்கள் அவளிடம் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

உங்களிடமும் இப்படி யாராவது வந்தால், இதழின் பெயரை அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் அட்டவணையிலும் டிஓஏஜே என்ற திறந்த அணுக்க இதழ்களின் பட்டியலிலும் தேடிப் பாருங்கள். கூகுள் ஸ்காலரில் தெரிவது ஒரு தகுதியே அல்ல, அது எதையும் தானாகத் திரட்டிக்கொள்ளும். ஓர் இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்பதைச் சொல்லும் இம்பாக்ட் ஃபேக்டர் என்று காட்டப்படும் எண், அதைக் கணக்கிடும் கிளாரிவேட் நிறுவனம் வெளியிட்டதா என்று பாருங்கள்; எனக்குக் காட்டப்பட்டது வேறு யாரோ உருவாக்கிய எண். மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு ஆசிரியர் ஆவதற்கு வகுத்த நான்கு நிபந்தனைகளில், உழைப்பிலும் எழுத்திலும் பங்கு, இறுதி ஒப்புதல், முழுப் பொறுப்பேற்பு என்ற எதையும் பணம் கட்டியவர் நிறைவேற்றுவதில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, "சொன்னபடி பேப்பர் வந்துருச்சே தம்பி" என்ற பதில்தான் கிடைத்தது. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை ஏற்கும் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 ரிங்கிட் கட்டி மனுச் செய்திருக்கிறேன். கட்டுரை வாங்கியதை அங்கே நானே ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும் என்பதையும் அறிந்தே செய்தேன். கட்டுரையை நீக்கச் சொல்லி இதழுக்கு எழுதியதற்கு, நீக்கக் கட்டணமாக 600 அமெரிக்க டாலர் கேட்டார்கள். நான் கட்டவில்லை. அடுத்த விண்ணப்பத்தில் அக்கட்டுரையைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, அது எப்படி வந்தது என்று ஒரு பக்க விளக்கத்தை இணைத்திருக்கிறேன். இணையத்தில் என் பெயரைத் தேடினால் இன்னமும் முதலில் வருவது அதுதான்.