ஒழுகும் தகரத்துக்குத் தாரா, சிலிக்கனா, ஸ்குரூவா?

வைகாசி பிறக்குமுன் கூரை வேலையை முடித்துவிட வேண்டும். இலங்கை மலையகத்தின் ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியாப் பக்கம் தென்மேல் பருவமழை மே மாதக் கடைசியில் பிடித்தால் செப்டெம்பர் வரை விடாது. வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டுகிறது. பதுளை, பசறைக்காரர்களுக்கு வடகீழ்ப் பருவம்தான் பெரிய மழை என்பதால் அவர்கள் புரட்டாசிக்குள் கூரையைப் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில், சொட்டுவது மழைத்தண்ணீர்தானா என்று பாருங்கள். தை, மாசிக் குளிரில் விறகடுப்பு எரிந்த காம்பராவில் (அறையில்) விடியற்காலை தகரத்தின் அடிப்பக்கம் முழுக்க வியர்த்து, புகைக்கரியோடு கறுப்பாகச் சொட்டும். அது ஒழுக்கில்லை. புகையும் ஆவியும் வெளியே போக வழியில்லாததால் வருவது. எங்கள் அத்தை வீட்டில் இதற்காக இரண்டு வருடம் தார் பூசினார்கள். கடைசியில் முகட்டுக்குக் கீழே சுவரில் ஒரு சாண் அளவு திறந்துவிட்டதும் சொட்டுவது நின்றது. ஒழுக்கு என்றால் ஒரே இடத்தில் விழும், துருக்கோடு தெரியும். நடுப்பகலில் கதவைச் சாத்தி இருட்டாக்கினால் ஓட்டை வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். அதில் உள்ளேயிருந்து ஒரு விளக்குமாற்று ஈர்க்கைச் செருகிவிடுங்கள். மேலே ஏறினவர் தேடி அலைய வேண்டியதில்லை. தண்ணீர், தகரத்தைத் தாங்கும் மரச்சட்டமான ரீப்பையோடு ஓடி வந்தும் சொட்டும். அதனால் சொட்டுகிற இடத்துக்கு மேலே, முகட்டுப் பக்கமாகத் தேடுங்கள். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், கூரை ஒரே தொடர்ச்சி என்பதால் அடுத்த காம்பராவின் ஓட்டையும் உங்கள் கட்டிலுக்கு மேல் சொட்டலாம்.

இனி மருந்துக்கு வருவோம். எல்லாரும் முதலில் கேட்பது தார். மலிவு, பழைய சாரத் துணியோடு சேர்த்து அப்பிவிடலாம். எனக்குத் தார் பிடிக்காது. நம் ஊரில் மத்தியான வெயிலில் தகரம் கை வைக்க முடியாமல் கொதிக்கும், இரவில் ஐஸ்போல் குளிரும். 40 பாகை வித்தியாசத்துக்குப் பத்தடித் தகரம் ஒன்றரை மில்லிமீற்றர் அளவுக்கு நீண்டு சுருங்குகிறது. காய்ந்து இறுகின தார் அதோடு இழுபடாமல் வெடிக்கும். வெடிப்புக்குள் போன தண்ணீர் வெளியேறாமல் அங்கேயே நின்று தகரத்தைத் தின்னும். மேலே பார்த்தால் தார் கறுப்பாக நன்றாகத்தான் இருக்கும், சுரண்டினால் அடியில் தகரமே இருக்காது. தார் பட்ட இடத்தில் பிறகு வேறொன்றும் ஒட்டாது. மழைக்காலத்தின் நடுவில், பிள்ளை நனைகிற அவசரத்துக்கு மட்டும் தார்.

சிலிக்கன் இழுபடும், அந்த வகையில் தாரைவிட மேல். ஆனால் எந்தச் சிலிக்கன் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. திறந்ததும் வினாகிரி வாசம் அடித்தால் அது அமிலம் விடுகிற வகை. கண்ணாடிக்குச் சரி, கல்வனைஸ் (சிங்க், அதாவது துத்தநாகம் பூசிய) தகரத்துக்கு ஆகாது. நான் ஒருமுறை கடையில் விசாரிக்காமல் அதைத்தான் வாங்கிப் பூசினேன். அடுத்த வருடம் பார்த்தால் ஒவ்வொரு ஆணியைச் சுற்றியும் ஒரு ரூபாய்க் குற்றியளவு வட்டமாகத் துரு. குழாயில் ‘நியூட்ரல்’ என்று போட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்து, துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்த தகரத்தில் பூசினால்தான் பிடிக்கும். பென்சில் முனை நுழைகிற ஓட்டை வரைக்கும் இது போதும். அதற்குமேல் என்றால் அலுமினியம் முகப்புள்ள ஒட்டுநாடா நல்லது.

ஆனால் நான் பார்த்த கூரைகளில் பாதிக்கு மேல் ஓட்டையே இல்லை, ஒழுகுவது ஆணியடியில்தான். ஒவ்வொரு காற்றுக்கும் தகரம் தூக்க, ஆணி மயிரிழை மயிரிழையாகக் கழன்று வரும். திரும்ப அடித்து இறக்கினால் ஒரு மாதம் தாங்கும், ரீப்பையில் அந்தத் துளை ஏற்கெனவே அகன்றுபோயிருக்கிறதே. அந்த இடத்தில் ரப்பர் வாசர் போட்ட கூரை ஸ்குரூ போடுங்கள். ஆணியைவிட விலை பல மடங்கு கூட, ஆனால் ஒரு காம்பராவுக்கு வாங்கி முடிக்கிற காசுதான். தகரம் மாற்றுவதைவிட இதற்குத்தான் முதலில் செலவு செய்யச் சொல்வேன்.

வாங்கும்போது முனையைப் பாருங்கள். துளைபோடும் அலகுபோல் இருப்பது இரும்புச் சட்டத்துக்கு. மர ரீப்பைக்குக் கூர்முனை, இரண்டரை அங்குலம். பழைய ஆணியைப் பிடுங்கும்போது சுத்தியலுக்கு அடியில் ஒரு பலகைத் துண்டு வையுங்கள், மேடு நசுங்காது. ஸ்குரூ எப்போதும் தகரத்தின் மேட்டில்தான், பள்ளத்தில் தண்ணீர் ஓடுகிறது. முடுக்கும்போது வாசரின் விளிம்பைக் கவனியுங்கள். வட்டத்துக்கு வெளியே ரப்பர் லேசாகப் பிதுங்குகிற அந்த நொடியில் நிறுத்த வேண்டும். இன்னும் ஒரு சுற்று போனால் ரப்பர் கிழிந்து, காசு கொடுத்து ஓட்டை வாங்கின கதையாகிவிடும். பழைய துளை பெருத்திருந்தால் அதை நியூட்ரல் சிலிக்கனால் அடைத்து, ஓரங்குலம் தள்ளிப் புதிதாகப் போடுங்கள். கூரை விளிம்பிலும் முகட்டிலும் ஒரு மேடு விட்டு ஒரு மேடு, நடுவில் இரண்டு விட்டாலும் தாங்கும்.

இதற்கு 12 வோல்ட் பற்றரி டிரில்லும் 8 மில்லிமீற்றர் அறுகோண முனையும் போதும். வயர் டிரில்லின் பலம் லயத்துக் கருங்கல் சுவரைத் துளைக்கத்தான் தேவை. ஈரத் தகரத்தின் மேல் உரிந்த வயர் ஒன்று பட்டால் கூரை முழுக்க மின்சாரம். அதனால் மேலே பற்றரி டிரில்தான், இதில் எனக்கு மறுபேச்சில்லை.

தகரமே சல்லடையாகிவிட்டால் மாற்ற வேண்டியதுதான். லயம் என்றால் தோட்ட நிர்வாகத்திடம் முதலில் கேளுங்கள். கல்வனைஸா, சிங்க்-அலுமினியம் பூசியதா என்றால், நம் மழைக்கு இரண்டாவதுதான் அதிகம் உழைக்கும். ஈரச் சீமெந்து பட்டால் மட்டும் அதன் பூச்சு அரிக்கும், முகட்டில் சாந்து பூசுகிற பழக்கத்தை அங்கே விட்டுவிடுங்கள். கிரைண்டரால் வெட்டினால் பொறி பட்டு விளிம்பு கருகி அங்கிருந்தே துரு தொடங்கும். தகரக் கத்தரி கை வலிக்கும், ஆனால் வெட்டு சுத்தம். பக்கத்தில் ஒன்றரை மேடு, மேல்கீழ் ஆறங்குலம் ஒன்றன்மேல் ஒன்று ஏறட்டும். ஹட்டன் பக்கம் கிழக்கு ஓரத்தில் தொடங்கி மேற்கே வாருங்கள், மேற்கிலிருந்து அடிக்கிற காற்று விளிம்புக்குள் புகாது.

அஸ்பெஸ்டஸ் மலிவு, மழைச் சத்தமும் குறைவு. ஆனாலும் சிபாரிசு செய்யமாட்டேன். அதன் தூசி புற்றுநோய் தரும். ஏற்கெனவே இருந்தால் உலர வெட்டாதீர்கள், தேய்க்காதீர்கள், அதன்மேல் ஏறி மிதிக்காதீர்கள்.

தகரத்தில் ஏறும்போதும் ஆணி வரிசையில் கால் வையுங்கள், அடியில் ரீப்பை இருக்கும். இறங்கினதும் பிடுங்கின ஆணிகளை எண்ணுங்கள். பழுதான ஸ்பீக்கர் காந்தத்தை நூலில் கட்டி இஸ்தோப்பிலும் (முன் திண்ணையிலும்) வாசலிலும் இழுத்துப் பாருங்கள். பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடுகிற இடம்.