அனுமதி ஆளுக்கா, பொறுப்புக்கா?

கிளிநொச்சியில் நெல் கொள்வனவு, களஞ்சியம், அரிசி ஆலை என்று நடத்தும் ஒரு கூட்டுறவுச் சங்கம் ஈஆர்பி மென்பொருள் (கொள்வனவு, இருப்பு, கணக்கு எல்லாவற்றையும் ஒன்றாக நடத்தும் மென்பொருள்) போட்டால், முதலில் தீர்மானிக்க வேண்டியது இதைத்தான்: யார் எதைப் பார்க்கலாம், திருத்தலாம் என்ற அனுமதியை ஆளுக்குக் கொடுப்பதா, அவர் வகிக்கும் பொறுப்புக்குக் கொடுப்பதா?

ஆளுக்கு ஆள் அனுமதி கொடுப்பது சுலபம். மூன்று பேர் வேலை செய்யும் இடத்துக்கு அதுவே போதும். ஆனால் காலபோக அறுவடைக்குத் தற்காலிகமாகச் சேர்ந்தவர்கள் போன பிறகும் அவர்களின் அனுமதி கணினியில் அப்படியே கிடக்கும்.

பொறுப்பு வழி முறையை 1992இல் அமெரிக்க ஆய்வாளர்களான ஃபெராயோலோவும் கூனும் முறைப்படுத்தி எழுதினார்கள். ‘களஞ்சியப் பொறுப்பாளர்’ எதைப் பார்க்கலாம், எதைத் திருத்தலாம் என்று ஒருமுறை வரையறுத்துவிட்டால், ஆள் மாறும்போது அந்தப் பொறுப்பைப் புதியவருக்கு மாற்றினால் சரி. அதைவிட முக்கியம், நெல் கொள்வனவைப் பதிகிறவரும் கொடுப்பனவை அங்கீகரிக்கிறவரும் ஒருவராக இல்லாமல் தெளிவாகப் பிரித்து வைக்கலாம். கமக்காரரின் காசு அது. இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

ஒரு குறை உண்டு. ஒரே பொறுப்பில் இருப்பதால் முழங்காவில் கிளைக்காரர் பரந்தன் கிளையின் கணக்கையும் பார்ப்பார். ஈஆர்பிநெக்ஸ்ட் போன்ற ஈஆர்பி மென்பொருள்களில் இதற்குப் பயனர் அனுமதி தனியாக இருக்கிறது. பொறுப்பைக் கொடுத்து, அப்புறம் கிளையை மட்டும் ஆளுக்கு ஆள் கட்டுப்படுத்துங்கள். பல கிளை உள்ள சங்கத்துக்கு நான் இதைத்தான் சொல்வேன்.