பள்ளி அணியின் பழைய ஸ்கோர்களை எதில் ஏற்றுவது: ஆப்பா, எக்செல்லா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் உள்ள எங்கள் உயர்நிலைப் பள்ளியின் கிரிக்கெட் அணிக்குத் தொடக்க காலம் முதல் இன்றுவரை ஒரு முழுக் கணக்கு வேண்டும் என்று பழைய மாணவர்கள் சிலர் சேர்ந்து இறங்கினோம். யார் அதிக ரன் எடுத்தார், யார் அதிக விக்கெட் வீழ்த்தினார், எந்த ஆண்டு எந்தப் பள்ளியிடம் தோற்றோம், எல்லாம் ஓரிடத்தில் இருக்கவேண்டும். முதலில் எழுந்த கேள்வி, இதை எதில் ஏற்றுவது என்பதுதான். கையால் எழுதும் பேரேடு, இணையத்தில் இயங்கும் ஸ்கோரிங் ஆப், எக்செல், முறையான தரவுத்தளம் என்று நான்கு வழிகள் இருந்தன. நாங்கள் எக்செல்லை எடுத்தோம். இன்று யாராவது கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பேரேட்டைப் பற்றி நீட்டி எழுத எதுவுமில்லை. பார்க்க அழகாக இருக்கும், பெரியவர்கள் ஆசையாகப் புரட்டுவார்கள். ஆனால் இருப்பது ஒரே பிரதி. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனில் எத்தனை வீடுகளின் அலமாரிகள் சேற்றோடு போயின என்பதைப் பார்த்தவர்கள் ஒரே பிரதியை நம்பமாட்டார்கள். எந்த வழியை எடுத்தாலும், பழைய ஸ்கோர் புத்தகங்களின் ஒவ்வொரு பக்கத்தையும் முதலில் போனில் படம் எடுத்து இரண்டு இடத்தில் வைத்துவிடுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஆப்பின் பெருமையை மறைக்கக் கூடாது. இந்த ஆண்டு ஆடும் பையன்களுக்கு அதைவிட நல்லது இல்லை. எல்லைக்கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து ஒரு மாணவி பந்துக்குப் பந்து தட்டிக்கொண்டே போகிறாள். ஜோகன்னஸ்பர்க்கில் வேலைக்குப் போயிருக்கும் அப்பா அங்கிருந்தே மகனின் ரன்னைப் பார்த்துவிடுகிறார். சராசரி, ஸ்ட்ரைக் ரேட், எந்தப் பக்கம் அடித்தான் என்ற வரைபடம் எல்லாம் தானாக வந்துவிடும். நடப்புக் கணக்குக்கு ஆப்தான் சரி.

பழைய கணக்கு அப்படியில்லை. அதில் பாதி, நமக்குத் தெரியாத விஷயங்கள். அந்தத் தெரியாமையை எது ஒழுங்காகத் தாங்கும் என்பதை வைத்துத்தான் முடிவெடுக்கவேண்டும் என்பது என் கருத்து.

எங்களிடம் என்ன இருந்தது என்று சொன்னால் புரியும். சில ஆண்டுகளுக்கு முழு ஸ்கோர் புத்தகம் கிடைத்தது. சில ஆண்டுகளுக்குப் பள்ளி மலர் மட்டும். அதில் சராசரிப் பட்டியல் இருக்கும், எந்த ஆட்டத்தில் எத்தனை என்பது இருக்காது. மீதிக்கு 'லீடர்', 'கிராஃபிக்', 'போஸ்ட்' போன்ற, இந்திய வம்சாவளியினரான நம் மக்கள் வாசித்த டர்பன் பத்திரிகைகளின் துணுக்குகள். இவை எதுவும் இல்லாத ஆண்டுகளும் உண்டு, கோப்பையில் பொறித்த ஒரு வரியோடு சரி.

இதற்குக் காரணம் சோம்பல் அல்ல. இனப்பிரிவினைக் காலத்தில் நம் பள்ளிகளின் விளையாட்டை வெள்ளையர் சங்கங்கள் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. 1973இல் இனப்பிரிவினையை எதிர்த்த விளையாட்டு அமைப்பான சாகோஸ் உருவான பிறகு, இயல்பில்லாத சமூகத்தில் இயல்பான விளையாட்டு கிடையாது என்ற நிலைப்பாட்டோடு பலரும் அதிகார அமைப்புகளுக்கு வெளியே நின்று ஆடினார்கள். மைதானம் குறைவு, பணம் குறைவு, ஆவணம் அதைவிடக் குறைவு. அந்தப் பக்கத்தின் மாகாண அணிகள் ஆடிய ஹோவா கோப்பை ஆட்டங்களுக்கே முதல்தர அந்தஸ்து பின்னாளில்தான் கிடைத்தது. அப்படியிருக்க, சாட்ஸ்வொர்த்தில் சனிக்கிழமை காலை இரண்டு பள்ளிகள் மேட் விரித்து ஆடிய ஆட்டத்தை யார் கோப்பில் போட்டு வைத்திருப்பார்கள்? அந்த ஆசிரியர்கள் தங்கள் வீட்டில் பாதுகாத்து வைத்தது மட்டும்தான் இன்று மிச்சம். அதை ஏற்றும்போது நாம் ஒரு எண்ணைக்கூடக் கற்பனையாகச் சேர்க்கக் கூடாது.

ஆப் இங்கேதான் தடுமாறுகிறது. ஒரு பத்திரிகைத் துணுக்கில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: மொத்தம் 168, நாயுடு 54, கோவெண்டர் 31. மீதி 83 ரன்னை யார் எடுத்தார்கள் என்று தெரியாது. நாங்கள் முயன்று பார்த்த ஆப் பதினோரு பெயரையும் கேட்டது, ஒவ்வொருவருக்கும் ரன் கேட்டது, கூட்டினால் மொத்தம் வரவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது. ஒன்று, பெயர் தெரியாத ஆட்டக்காரர்களை உருவாக்கவேண்டும். இல்லையென்றால் 83ஐயும் உதிரி ரன்னில் (எக்ஸ்ட்ராஸ்) தள்ளவேண்டும். இரண்டும் பொய்க்கணக்கு. எல்லா ஆப்பும் இப்படித்தான் என்று சொல்லமாட்டேன், நாங்கள் பார்த்தவை சிலதான். ஆனால் பந்துக்குப் பந்து பதிவதற்காகக் கட்டப்பட்ட ஒன்று பாதி ஸ்கோர் கார்டை விரும்பாமல் இருப்பது இயற்கையே.

எக்செல்லில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிடலாம். பூஜ்யம் வேறு, காலி வேறு. பூஜ்யம் என்றால் ஆடி ரன் எடுக்காமல் போனார். காலி என்றால் நமக்குத் தெரியவில்லை. இந்த ஒரு வித்தியாசத்தைக் கட்டிக்காத்தால் போதும், பாதி வேலை முடிந்த மாதிரி. அதோடு ஒவ்வொரு வரிக்கும் இரண்டு பத்திகள் (column) சேர்த்தோம். ஒன்றில், இந்த எண் எங்கிருந்து வந்தது: ஸ்கோர் புத்தகமா, மலரா, பத்திரிகையா, ஒருவரின் நினைவா. இன்னொன்றில், அந்த ஆட்டத்தின் விவரம் முழுதா, பாதியா, மொத்தம் மட்டுமா.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. ஒரு பையன் நான்கு ஆட்டத்தில் 50, 0, 4, 62 எடுத்து நான்கிலும் அவுட் ஆகிறான். மொத்தம் 116, சராசரி 29. பத்திரிகை நன்றாக ஆடியவர்களை மட்டும்தான் எழுதும். 0, 4 எல்லாம் அச்சில் வராது. துணுக்குகளை மட்டும் வைத்துக் கூட்டினால் 112 ரன், இரண்டு அவுட், சராசரி 56. அவன் பள்ளி வரலாற்றிலேயே பெரிய பேட்ஸ்மேன் ஆகிவிடுவான். பக்கத்திலேயே, முழு ஸ்கோர் புத்தகம் கிடைத்த ஆண்டில் ஆடி 35 சராசரி வைத்தவன் கீழே போய்விடுவான். புத்தகம் பத்திரமாக இருந்ததற்காக ஒருவனுக்குத் தண்டனை. அதனால் எங்கள் விதி இது: சராசரி என்பது முழு விவரம் உள்ள ஆட்டங்களிலிருந்து மட்டும். மற்றவர்களுக்கு 'குறைந்தது 112 ரன்' என்று எழுதுகிறோம். பட்டியல் கொஞ்சம் கரடுமுரடாகத் தெரியும். பரவாயில்லை, அது உண்மை.

பந்துவீச்சிலும் இதே கவனம் வேண்டும். வைடு, நோபால் ரன்களைப் பந்துவீச்சாளர் கணக்கில் சேர்க்கும் வழக்கம் 1980களில்தான் வந்தது. அதற்கு முந்தைய புத்தகத்தில் 24 ரன் என்று இருந்தால் அது வேறு 24. திருத்தாமல் இருப்பதை அப்படியே ஏற்றி, பக்கத்தில் குறிப்புப் போடுங்கள். 1929இல் தொடங்கிய சாஸ்திரி கல்லூரி போல் பழைய பள்ளி என்றால் இன்னொன்றும் உண்டு: 1950களின் பிற்பகுதிவரை நம் நாட்டின் பெரிய ஆட்டங்களில் எட்டுப் பந்து ஓவர் இருந்தது. பள்ளிப் புத்தகத்தில் எத்தனை பந்து என்று எண்ணிப் பார்த்துவிட்டு, ஓவரை ஏற்றாமல் பந்துகளை ஏற்றுவது நல்லது.

அப்புறம் பெயர்கள். நம் ஊர் அணியில் நாயுடு, பிள்ளை, மூட்லி, கோவெண்டர், படையாச்சி என்று நாலைந்து குடும்பப் பெயர்களிலேயே பாதி அணி அடங்கிவிடும். ஒரே ஆண்டில் இரண்டு எஸ். கோவெண்டர். ஆளுக்கு ஒரு எண் கொடுத்து, தனிப் பக்கத்தில் அந்த எண்ணுக்கு எதிரே புத்தகத்தில் உள்ள பெயரையும் மெட்ரிக் (பள்ளி இறுதித் தேர்வு) முடித்த ஆண்டையும் வைத்தோம். சந்தேகம் வந்தால் பழைய ஸ்கோரர் அண்ணாவிடம் போனில் கேட்போம். "ஒருத்தன் விக்கெட் கீப்பர், தம்பி. அவனுக்கு எப்படிப் பந்துவீச்சுக் கணக்கு வரும்? அது மற்றவன்" என்று ஒரே வாக்கியத்தில் தீர்த்துவைப்பார். அவர் சொன்னதையும் ஆதாரப் பத்தியில் எழுதிவிடுவோம். இப்படி அவிழ்க்க முடியாத பெயருக்குத் தற்காலிக எண். பின்னால் யார் என்று தெரிந்ததும் மாற்றிக்கொள்ளலாம்.

சீசன் பிரச்சினை வடக்கு நாடுகளில் இருப்பவர்களுக்குத் தெரியாது. இங்கே பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. கிரிக்கெட்டோ அக்டோபரில் தொடங்கி மார்ச்வரை. கேப்டன் மெட்ரிக் எழுதிவிட்டு டிசம்பரில் போய்விடுவான், சீசனின் மறுபாதியை வேறு அணி ஆடும். தேதியும் பள்ளி ஆண்டும் தனித்தனிப் பத்தியில் இருந்தால், இரண்டு விதமாகவும் கூட்டிப் பார்க்கலாம்.

எக்செல்லிலும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்கவேண்டிய இடங்கள் உண்டு. 3/24 என்று பந்துவீச்சை அடித்தால் அது தேதியாக மாறிவிடும். விக்கெட்டுக்கு ஒரு பத்தி, ரன்னுக்கு ஒரு பத்தி என்று பிரித்துவிடுங்கள். ஆண்டுக்கு ஒரு அழகான பக்கம் போடும் ஆசையை விட்டுவிட்டு, ஒரு ஆட்டத்தில் ஒரு ஆளுக்கு ஒரு வரி என்று ஒரே நீளப் பட்டியலாக வையுங்கள். சராசரியை ஒருபோதும் கையால் அடிக்காதீர்கள். பட்டியலைத் தொகுத்துக் கூட்டித்தரும் எக்செல் வசதியான பிவட் டேபிள் போட்டுக்கொள்ளும். ஒருவர் ஏற்றினால் இன்னொருவர் சரிபார்க்கவேண்டும்: பேட்ஸ்மேன்களின் ரன்னும் உதிரியும் கூடினால் மொத்தம் வருகிறதா? வராவிட்டால் புத்தகத்தில் உள்ளதை மாற்றாமல் குறிப்பு மட்டும். மாதம் ஒருமுறை சிஎஸ்வி கோப்பாகவும் சேமித்து வையுங்கள். அது வெறும் எழுத்துக் கோப்பு, எந்தக் கணினியிலும் திறக்கும்.

தரவுத்தளம் பற்றி எனக்கு அனுபவம் குறைவு. எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள மென்பொருள் நல்ல கருவி என்பதில் சந்தேகமில்லை. அமெரிக்க காங்கிரஸ் நூலகமே தரவைப் பாதுகாக்கப் பரிந்துரைக்கும் வடிவங்களில் அதுவும் ஒன்று. ஒரே எண் இரண்டு ஆளுக்குப் போகாமல் அது கறாராகப் பார்த்துக்கொள்ளும். எங்கள் குழுவில் அது தெரிந்தவன் ஒரு தம்பி மட்டும். அவன் படிப்புக்குக் கேப் டவுன் போனால் திறக்கக்கூட ஆள் இல்லை. கிரிக்கெட், கால்பந்து, நெட்பால் என்று பள்ளியின் எல்லா அணிகளையும் சேர்ப்பவர்களுக்கு அதுவே பொருந்தலாம். நாங்கள் அந்த அளவுக்குப் போனதில்லை.

ஒரு சட்ட விஷயமும் உண்டு. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான போபியா 2020 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. 18 வயதுக்குக் குறைந்தவர்களின் தகவலைக் கையாளப் பொதுவாகப் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் சம்மதம் வேண்டும். பல ஆப்கள் பெயரையும் படத்தையும் நேராக இணையத்தில் போட்டுவிடுகின்றன. எக்செல் கோப்பில் யாருக்கு எதைக் காட்டுவது என்பது நம் கையில். பிறந்த தேதி, முகவரி எதையும் நாங்கள் ஏற்றுவதில்லை.

இப்போது பள்ளியில் நடப்பு ஆட்டங்களை ஆப்பில்தான் பதிகிறார்கள், அதை நாங்கள் தடுக்கவில்லை. மார்ச்சில் சீசன் முடிந்ததும் ஸ்கோர் கார்டுகளை இறக்கி எங்கள் பட்டியலோடு சேர்த்துவிடுகிறோம். உங்கள் பள்ளியும் ஆப்பில் சேரப் போகிறது என்றால், பணம் கட்டுவதற்கு முன் ஒரு பழைய ஆட்டத்தை ஏற்றி, அதை முழு விவரத்தோடு வெளியே இறக்க முடிகிறதா என்று சோதித்துப் பாருங்கள். இறக்க முடியாது என்றால் அந்த ஆப் வேண்டாம்.