கையொப்பம் கோப்பில் இருக்கிறது: குன்னூரில் மின்கையொப்பச் சான்றிதழ்களோடு சில ஆண்டுகள்

நகராட்சியின் பிறப்புச் சான்றிதழ், வருவாய்த் துறையின் வருமான, சாதிச் சான்றிதழ்கள் ஆகியவற்றை எங்கள் வீட்டாருக்காகவும் அக்கம்பக்கத்தாருக்காகவும் சில ஆண்டுகளாக மின்கையொப்பத்துடனேயே, அதாவது அலுவலர் கணினி வழியே இடும் ஒப்பத்துடனேயே, பெற்று வருகிறேன். மழைக்காலத்தில் மண்சரிவுக்கு அஞ்சியபடி பேருந்தேறி வந்து, அலுவலர் முகாமுக்குப் போயிருந்தால் மறுநாளும் வந்து காத்திருக்க வேண்டிய நிலை பெரிதும் நீங்கியிருக்கிறது. மலைவாழ் மக்களுக்கு இது பெரிய நன்மை என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் சான்றிதழைப் பெறுவதில் வந்த எளிமை, அதைக் கொண்டுபோய்க் கொடுக்கும் இடத்தில் இன்னும் முழுமையாக வரவில்லை. பச்சை மையும் முத்திரையும் இல்லை என்பதற்காக, ஒரு கல்வி நிறுவனத்தில் பக்கத்து வீட்டு மாணவியை மீண்டும் வட்டாட்சியரிடம் ஒப்பம் வாங்கிவரச் சொன்னார்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 5-ஆம் பிரிவு மின்கையொப்பத்துக்குச் சட்ட ஏற்பு அளிக்கிறது. அந்த மாணவியின் ஒரு நாள் வீணானதை என்னால் எளிதாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

குழப்பத்துக்கு ஒரு காரணம் உண்டு. அலுவலர் தம்மிடம் மட்டுமே உள்ள ரகசியத் திறவுகோலால் (ஒரு மின்னணு எண்தொடர்) ஒப்பமிடும்போது, அது ஆவணத்தின் உள்ளடக்கத்தோடு கணித முறையில் பிணைக்கப்படுகிறது; பிறகு ஓர் எழுத்தை மாற்றினாலும் சரிபார்ப்பு காட்டிக்கொடுத்துவிடும். அச்செடுத்த தாளுக்கு இந்தப் பிணைப்பு வருவதில்லை. ஆகவே பதிவிறக்கிய பிடிஎஃப் கோப்பையே பத்திரப்படுத்துங்கள். வாட்ஸ்அப்பில் வந்த படம் போதாது. கோப்பைத் திறக்கும்போது ஒப்பத்தின் மேல் கேள்விக்குறி தெரிந்தால் போலி என்று முடிவுகட்ட வேண்டாம். மின்கையொப்பங்களின் நம்பகத்துக்கு அடிப்படையான, இந்தியச் சான்றளிப்பு அமைப்பின் மூலச் சான்றிதழை, கோப்பைத் திறக்கும் மென்பொருள் நம்பகமானதாக ஏற்றிராவிட்டாலும் அப்படித்தான் காட்டும்.

தாளைப் பெறுபவர் செய்ய வேண்டியது, அதிலுள்ள சான்றிதழ் எண்ணை அரசின் இணையதளத்தில் தாமே உள்ளிட்டுப் பார்ப்பதாகும். க்யூஆர் குறியீட்டை மட்டும் நம்பினால், போலித் தளத்துக்கு அழைத்துச் செல்லும் குறியீட்டையும் ஒருவர் அச்சிட்டுவிடலாம்.

இன்னொரு தடை விண்ணப்பிக்கும் கட்டத்திலேயே இருக்கிறது. ஆதாரில் பழைய கைப்பேசி எண் இருந்தால் ஓடிபி வந்து சேராது. ஆண்டுக்கணக்கில் கொழுந்து பறித்துத் தேய்ந்த விரல்களைக் கைரேகைக் கருவியும் பல நேரங்களில் ஏற்பதில்லை. தோட்டக் குடியிருப்புகளிலேயே ஆதார் புதுப்பிப்பு முகாம்களை அடிக்கடி நடத்தினால், சான்றிதழ் கேட்டு வரும் அம்மாமார்கள் இ-சேவை மையத்திலிருந்து வெறுங்கையோடு திரும்ப நேராது.