சுங்குடி டிசைன் ஆப் எக்ஸ்போர்ட்ல கிராஷ் ஆனது, ஒன்றரை வருஷ அனுபவம்

தெற்கு மாசி வீதி ஜவுளிக் கடைகளுக்கு சுங்குடி டிசைன் போட்டுக் குடுக்குறதுதான் என் வேலை. எங்க தெரு தம்பி ஒருத்தன் ஓப்பன்ஜிஎல்ல (கிராபிக்ஸ் கார்டு மூலமா படம் வரையுற முறை) எழுதிக் குடுத்த ஆப்லதான் ஒன்றரை வருஷமா பண்றேன், புள்ளி எங்கெங்க விழுது, பார்டர் என்ன கலரு, முந்தி எப்படி வருதுன்னு சாயத்துல போடுறதுக்கு முன்னாடியே கடைக்காரர் கண்ணால பாத்துரலாம். அருமையான ஆப். ஆனா முதல் ஆறு மாசம் எக்ஸ்போர்ட் அழுத்துனா ஸ்கிரீன் கருப்பாகும், திரும்ப வரும்போது ஆப் இருக்காது, சேவ் பண்ணாத வேலை பூராம் போயிரும்.

ஸ்கிரீன்ல ஓட்டிப் பாக்கும்போது ஒண்ணும் ஆகாது. கடைக்காரர் பக்கத்துல உக்காந்து "சரி தம்பி, இதையே பிரிண்டுக்குக் குடுத்துருங்க"ன்னு சொன்னப்புறம்தான் விழும். ரேம் பத்தலையோன்னு 8 ஜிபிய 16 ஆக்குனேன், டிரைவர மாத்தி மாத்திப் போட்டேன், ஒண்ணும் நடக்கல. கடைசியா, விண்டோஸ் நடந்ததெல்லாம் குறிச்சு வைக்குற ஈவன்ட் வியூவர தொறந்து பாத்தா ஒவ்வொரு கிராஷுக்கும் அதே நிமிஷத்துல 4101னு ஒரு வார்னிங். டிஸ்ப்ளே டிரைவர் பதில் சொல்லாம நின்னுருச்சு, திரும்ப எழுப்பியாச்சுன்னு அர்த்தம்.

விஸ்டா காலத்துல இருந்தே விண்டோஸ்ல டிடிஆர்னு ஒரு காவல் இருக்கு. ஜிபியு, அதாவது படம் வரையுற சிப், ஒரு வேலைய வாங்கிட்டு 2 செகண்டுக்குள்ள முடிக்காம விட்டும் குடுக்காம இருந்தா, ஹேங் ஆயிருச்சுன்னு டிரைவர ரீசெட் பண்ணிரும். நம்ம ஷேடர், அதாவது ஒவ்வொரு பிக்சலும் என்ன கலருன்னு ஜிபியுல கணக்குப் போடுற புரோகிராம், என்ன பண்ணுதுன்னா ஒவ்வொரு பிக்சலுக்கும் சேலையில உள்ள அத்தனை புள்ளியையும் ஒரு சுத்து பாக்குது. எக்ஸ்போர்ட் சைஸ் 4096க்கு 4096ன்னா 1 கோடியே 67 லட்சம் பிக்சல், 8,000 புள்ளி, பெருக்குனா 13,000 கோடிக்கு மேல போகுது, லேப்டாப் ஜிபியு 2 செகண்ட்ல எங்கிட்டு முடிக்கும்? ஸ்கிரீன்ல 20 லட்சம் பிக்சல்தான், அதான் தப்பிச்சிருக்கு.

மொதல்ல விண்டோஸ் செட்டிங் இருக்குற ரெஜிஸ்ட்ரில, அந்த 2 செகண்ட் கெடுவ மாத்துற டிடிஆர்டிலேய 10னு வச்சு நாலு மாசம் ஓட்டுனேன். கிராஷ் நின்னுச்சு, ஆனா எக்ஸ்போர்ட் முடியுற வரைக்கும் மவுஸ் கூட நகராது. அது டெஸ்ட் பண்றவங்களுக்கு உள்ள செட்டிங்னு மைக்ரோசாஃப்ட்டே சொல்லுது, கடைக்காரங்க கம்ப்யூட்டர்ல போய் அத நோண்டுறது எனக்கு சரியாப் படல, டிடிஆர்டிலேய அழிச்சுட்டேன்.

தம்பி இப்ப சென்னையில வேலையில இருக்கான், போன்ல கேட்டேன். "அண்ணே, ஒரே மூச்சுல வரையச் சொல்லாதீங்க, கட்டம் கட்டமா குடுங்க"ன்னான். 256க்கு 256 சைஸ்ல மொத்தம் 256 கட்டம், ஒரு கட்டத்துக்கு 52 கோடி தடவைதான். அப்பவும் விழுந்துச்சு! டிரைவர் கட்டத்தையெல்லாம் சேத்து வச்சு மொத்தமா அனுப்புது போல, ஒவ்வொரு கட்டத்துக்குப் பின்னாடியும் ஜிஎல்ஃபினிஷ் (குடுத்த வேலை முடியுற வரைக்கும் காத்திருக்கச் சொல்ற கட்டளை) போட்டப்புறம்தான் கிராஷ் நின்னுச்சு.

அப்புறம் பிரிண்ட்ல இன்னொண்ணு. பச்சை பார்டர்ல ஒரு புள்ளி பாதியா வெட்டுப்பட்டு, மிச்சப் பாதி ஒரு நூல் அளவு கீழ தள்ளி இருந்துச்சு, லென்ஸ் வச்சுப் பாத்தா சரியா 256 பிக்சலுக்கு ஒரு தடவை. படத்த எந்த இடத்துல எந்த அளவுல வரையணும்னு சொல்ற வியூபோர்ட்ட கட்டத்துக்குக் கட்டம் நகத்துனதுல நான் போட்ட கணக்கு ஒரு பிக்சல் தப்பு. வியூபோர்ட்ட முழுசா அப்படியே விட்டுட்டு எந்தக் கட்டத்துக்குள்ள மட்டும் வரையணும்னு சொல்ற சிசர மட்டும் நகத்துங்க, புள்ளி ஒட்டிக்கும்.

இப்ப எக்ஸ்போர்ட்டுக்கு 14 செகண்ட் ஆகுது, ஆனா அது ஓடும்போதே அடுத்த டிசைனுக்கு கலர் பாக்க முடியுது. எட்டு மாசமா ஒரு தடவை கூட விழல. கடையில உள்ள பழைய கம்ப்யூட்டருக்கு மட்டும் கட்டத்த 128 ஆக்கிருக்கேன். பக்கத்துல உள்ள புள்ளிய மட்டும் பாக்குற மாதிரி ஷேடரயே மாத்துறதுதான் முறை, தம்பி தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது உக்காந்து எழுதலாம்னு இருக்கோம். டிடிஆர்டிலேய அழிச்சுட்டேன்.