பீட்டில் கியர் லீவர் ரிப்பேர் கிட்: எதை வாங்கலாம், எதை விடலாம்

பழைய வோக்ஸ்வாகன் பீட்டிலில் கியர் லீவர் கூழில் விட்ட அகப்பை போல எல்லாப் பக்கமும் சுழல்கிறதா? கியர்பாக்ஸைக் கழற்றும் யோசனையை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். பெரும்பாலும் காரணம், காரின் தரை நடுவே நீளமாக ஓடும் டன்னல் என்ற கூட்டுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு சிறு பிளாஸ்டிக் புஷ், அதாவது கியர் தண்டு வழுக்கி நகரும் வளைய உறைதான். அதையும் இன்னும் சில உதிரிகளையும் சேர்த்து "கியர் லீவர் ரிப்பேர் கிட்" என்று பல பேர்களில் விற்கிறார்கள். வழக்கமாக ஒரு பொட்டலத்தில் தண்டுப் புஷ், அதற்கான கம்பி வளையம், கப்ளிங், லீவர் ஸ்பிரிங், ஸ்டாப் பிளேட், லீவரின் அடியை மூடும் ரப்பர் பூட் ஆகியவை இருக்கும். இத்தனையும் எல்லா வண்டிக்கும் தேவைப்படாது. தரமும் உருப்படிக்கு உருப்படி மாறுகிறது.

பீட்டிலில் எஞ்சினும் கியர்பாக்ஸும் பின்னால், லீவர் முன்னால். இரண்டையும் இணைப்பது டன்னலுக்குள் ஓடும் ஒரு நீளமான இரும்புத் தண்டு. தண்டின் முன்முனை, டன்னலுக்குள் வெல்டு செய்த ஒரு தாங்கியில் உட்காரும் புஷ்ஷுக்குள் வழுக்கி நகரும். பின்முனையை கியர்பாக்ஸோடு கப்ளிங் இணைக்கும். லீவரின் அடிப்பந்து தண்டில் உள்ள குழியில் உட்காரும். இந்த மூன்று இடங்களில் எது தேய்ந்தாலும், லீவரின் தலையில் அந்த ஆட்டம் பல மடங்காகத் தெரியும். இலங்கையில் இன்றும் நிறைய பீட்டில்கள் ஓடுகின்றன. வலப்பக்க ஸ்டியரிங் வண்டியிலும் டன்னலுக்குள் இதே ஏற்பாடுதான்.

பணம் கொடுப்பதற்கு முன் ஆட்டம் எங்கே என்று பார்த்துவிடுங்கள். ஓடும்போது கடகடவென்று ஒரு இரும்புச் சத்தம் வந்து, லீவர் மேல் கை வைத்ததும் நின்றால் புஷ் போய்விட்டது, அல்லது ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. அடுத்து பின் சீட்டைத் தூக்குங்கள். டன்னலின் பின்கோடியில் ஒரு சிறு மூடி ஒற்றைத் திருகில் நிற்கும், அதைக் கழற்றினால் கப்ளிங் தெரியும். ஒருவர் லீவரை அசைக்க, இன்னொருவர் டார்ச் அடித்துப் பார்க்கட்டும். தண்டு நகர்ந்தும் கியர்பாக்ஸ் முனை தாமதமாக நகர்ந்தால் கப்ளிங் ரப்பர் நைந்திருக்கிறது. கப்ளிங் அந்த முனைமேல் வழுக்கிச் சுற்றினால் சதுரத் தலைத் திருகு தளர்ந்திருக்கிறது, அதற்குக் கிட் எதுவும் வேண்டாம். கிளட்சை விடும்போது கியர்பாக்ஸே குதித்தால் அது கியர்பாக்ஸைத் தாங்கும் மவுண்ட் ரப்பரின் குறை. இரண்டாம் கியர் தானாகத் தெறித்து விழுவது மட்டும்தான் குறை, லீவர் உறுதியாகவே இருக்கிறது என்றால், மவுண்டும் கப்ளிங்கும் சரி என்று பார்த்த பிறகு கியர்பாக்ஸின் உள்ளேதான் தேட வேண்டும்.

இனி உதிரிகள். புஷ்தான் இந்தக் கிட்டின் உயிர். மூல வடிவத்திலேயே வரும் பிளாஸ்டிக் புஷ் போதும், பல ஆண்டு தாங்கும். கையில் எடுத்து லேசாக அழுத்திப் பாருங்கள். வளைந்து திரும்ப வேண்டும், கண்ணாடி மாதிரி விறைப்பாக இருந்தால் மாட்டும்போதே விரிசல் விடும். பித்தளைப் புஷ் நீடிக்கும் என்பது உண்மை. ஆனால் கிரீஸ் காய்ந்தால் இரும்போடு உலோகம் உரசும், நீக்க நினைத்த சத்தமே திரும்ப வரும்.

கப்ளிங் ரப்பரிலும் கிடைக்கிறது, ரப்பரைவிட விறைப்பான யூரித்தேனிலும் கிடைக்கிறது. யூரித்தேன் போட்டால் கியர் விழுவது துல்லியமாகத் தெரியும். அதே நேரம் கியர்பாக்ஸின் அதிர்வு முழுவதும் தண்டு வழியே உள்ளங்கைக்கு வந்து சேரும். ரப்பர் அங்கே இருப்பதே அந்த அதிர்வை விழுங்கத்தான். தினசரி ஓட்டும் வண்டிக்கு ரப்பர் கப்ளிங்கைத்தான் பரிந்துரைக்கிறோம். யூரித்தேன் பந்தய வண்டிக்கு ஏற்றது.

ஸ்டாப் பிளேட்டில்தான் கவனம் தேவை. லீவரை அழுத்தாமல் ரிவர்ஸ் விழாதபடி தடுக்கும் தகடு அது. பீட்டிலில் ரிவர்ஸ் இருப்பது இரண்டாம் கியருக்குப் பக்கத்தில், அழுத்தி, இடப்பக்கம் தள்ளி, பின்னால் இழுக்க வேண்டும். தகடு சரியில்லாவிட்டால் ஓட்டத்தில் இரண்டாம் கியரைத் தேடும் கை ரிவர்ஸைத் தொடும். மாடல் ஆண்டுக்கேற்ப தகட்டின் வடிவம் மாறுகிறது, "எல்லாவற்றுக்கும் பொருந்தும்" என்ற வாசகத்தை நம்பாதீர்கள். பழையதன் மேல் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். மடிப்பு விளிம்பு மழுங்காத பழைய தகடு, கிட்டில் வரும் மெல்லிய தகட்டைவிட நல்லது. கிளட்ச் மிதி இல்லாத ஆட்டோஸ்டிக் வண்டிக்கு இந்தக் கிட்டே வேண்டாம். அதன் லீவரில் கிளட்சை இயக்கும் மின்தொடர்பு இருக்கிறது, அமைப்பே வேறு.

மாட்டும் வேலைக்கு 13 மி.மீ. ஸ்பானர், வைஸ் கிரிப் (பிடித்தபடியே பூட்டிக்கொள்ளும் குறடு), நீள்மூக்குக் குறடு, சிறு கண்ணாடி, டார்ச், லித்தியம் கிரீஸ், பூட்டுக் கம்பி போதும். முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். பீட்டிலில் பேட்டரி பின் சீட்டுக்கு அடியிலேயே இருக்கிறது, வேலை செய்யப்போவதும் அதன் அருகில்தான்.

கியரை நியூட்ரலில் வையுங்கள். லீவர் அடித்தளத்தை இரண்டு போல்ட்டுகள் பிடித்திருக்கும். கழற்றும் முன் அடித்தளத்தைச் சுற்றி டன்னல் மேல் ஒரு கோடு கீறிக்கொள்ளுங்கள், ஸ்டாப் பிளேட் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று போட்டோவும் எடுங்கள். லீவரைத் தூக்கியதும் பின்னால் போய், சதுரத் தலைத் திருகின் பூட்டுக் கம்பியை அறுத்து, திருகை முழுவதும் வெளியே எடுங்கள். லீவர் துளை வழியாகத் தண்டை வைஸ் கிரிப்பால் பிடித்து முன்னால் நகர்த்தினால் கப்ளிங் கியர்பாக்ஸ் முனையை விட்டு வரும். அதைத் தண்டிலிருந்தும் பிரித்தபின், தண்டைப் பின்னுக்குத் தள்ளுங்கள். அதன் முன்முனை புஷ்ஷை விட்டு வெளியே வந்துவிடும்.

பழைய புஷ் முழுதாக வருவது அபூர்வம். துண்டுகளை ஒன்றுவிடாமல் பொறுக்கி, தாங்கியைத் துணியால் துடையுங்கள். தாங்கியை விரலால் ஆட்டிப் பார்க்க மறக்க வேண்டாம். அதன் வெல்டு விட்டிருந்தால் எவ்வளவு நல்ல புஷ் போட்டாலும் ஆட்டம் போகாது. அப்படியிருந்தால் வெல்டிங் வைக்க அவசரப்படாதீர்கள். பெட்ரோல் குழாய் அதே டன்னலுக்குள்தான் ஓடுகிறது. அந்த வேலையைக் குழாயைக் காலிசெய்து அகற்றத் தெரிந்த பட்டறையில்தான் கொடுக்க வேண்டும். புஷ்ஷை இளக்க ஹீட் கன் பிடிப்பதும் இதே காரணத்தால் கூடாது. சில நிமிடம் வெந்நீரில் போட்டாலே அது இளகிவிடும். தண்டின் முனையில் இரும்பு உரசிய பிசிறு இருந்தால் நைஸ் எமரியால் வழித்துவிடுங்கள், இல்லையென்றால் புது புஷ்ஷையும் அது சுரண்டித் தின்றுவிடும்.

புஷ்ஷைத் தாங்கிக்குள் அமுக்கியபின் கம்பி வளையம் அதன் பள்ளத்தில் சுற்றிலும் படிந்திருக்கிறதா என்று கண்ணாடி வைத்துப் பாருங்கள். பாதி உட்கார்ந்த வளையம் சீக்கிரமே கழன்று விழும். உள்ளேயும் தண்டின் முனையிலும் தாராளமாகக் கிரீஸ் தடவி, தண்டை நேராக முன்னுக்குச் செலுத்துங்கள். கோணலாகத் தள்ளினால் புஷ்ஷின் உதடு உள்ளே மடங்கும். பிறகு புதுக் கப்ளிங். சதுரத் தலைத் திருகின் கூர்முனை, கியர்பாக்ஸ் முனையில் உள்ள குழிக்குள் சரியாக விழ வேண்டும். குழியைத் தவறவிட்டு இறுக்கினால் முதலில் பிடித்தது போலத் தோன்றும், ஓட்டத்தில் வழுக்கிவிடும். இறுக்கியபின் பூட்டுக் கம்பி கட்டாயம்.

லீவர் பந்து, ஸ்பிரிங், தண்டின் குழி எல்லாவற்றுக்கும் கிரீஸ் வைத்து, கீறிய கோட்டிலேயே அடித்தளத்தை உட்காரவையுங்கள். போல்ட் துளைகள் நீள்துளைகள், முன்னும் பின்னும் கொஞ்சம் நகரும். இரண்டாம் கியரைப் போட்டு, லீவர் ஸ்டாப் பிளேட்டில் முட்டாமல் நிற்கும் இடம் பார்த்து இறுக்குங்கள். எஞ்சினை அணைத்தபடியே, கிளட்சை மிதித்து நான்கு கியரும் ரிவர்ஸும் விழுகிறதா என்று பாருங்கள். லீவரை அழுத்தாமல் ரிவர்ஸ் பக்கம் தள்ளிப் பாருங்கள். போகக் கூடாது. போனால் தகடு திரும்பியிருக்கிறது, அந்த நிலையில் வண்டியைத் தெருவுக்கு எடுக்க வேண்டாம்.

முழுக் கிட்டாக வாங்குவதைவிட, நெகிழ்வான பிளாஸ்டிக் புஷ்ஷும் ரப்பர் கப்ளிங்கும் தனித்தனியாக வாங்குவதே லாபம். லீவரை அழுத்திவிட்டுக் கையை எடுத்ததும் அது மேலே எழும்பாமல் சோர்ந்து கிடந்தால் ஸ்பிரிங்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லீவர் பயணத்தைக் குறைக்கும் ட்ரிக்கர் ஷிஃப்டர்களை இந்த ஆட்டத்துக்கு மருந்தாக வாங்காதீர்கள். தேய்ந்த புஷ்ஷின் மேல் அவற்றை மாட்டினால், குறைந்த பயணத்தில் அதே ஆட்டம், கியர் தேடுவது இன்னும் கடினமாகும்.

புஷ், கப்ளிங், மவுண்ட் எல்லாம் சரிசெய்தும் கொஞ்சம் தளர்வு மிஞ்சினால், கியர்பாக்ஸின் முன்பக்க மூக்கு மூடிக்குள் இருக்கும் இன்னொரு புஷ் தேய்ந்திருக்கும். அதற்காக மட்டும் கியர்பாக்ஸை இறக்குவது வீண் செலவு. அடுத்த முறை வேறு வேலைக்காக அது கீழே வரும்போது மாற்றச் சொல்லி எழுதிவையுங்கள்.